வரிசையில் நின்ற செங்கல்

அத்தியாயம் நான்கு

உலகம் தோன்றிய நாளிலிருந்து நடந்திருக்கும் அத்தனை குற்றங்களையும் ஒரே ஒரு கேள்வியால் தீர்த்துவிடலாம், ‘இருக்கிறதா, இல்லையா?’ என்பதுதான் அந்தக் கேள்வி என்று துப்பறியும் நிபுணர் ராஜாங்கம் அறிவித்தார். அறிவித்த நேரத்தில் அவருடைய தொப்பி இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை. காலையில் மேஜைக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் ஆபீஸுக்குக் கீழே இருந்த சைக்கிள் கடையிலும் தேடிவிட்டு, வெறுந்தலையோடு வந்திருந்தார்.

“எங்கேதான் போயிருக்கும், தனகோட்டி?”

“சொல்லிட்டுப் போற பழக்கம் அதுக்கு இல்ல சார்” என்று உதவியாளன் தனகோட்டி பேச்சை அதோடு முடித்துக்கொண்டான்.

தனகோட்டி முன்பு செஞ்சி–திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். முதலாளியின் மச்சானை, டிக்கெட் வாங்கவில்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டவன். மச்சான் வீடு போய்ச் சேர்வதற்குள் இவன் வேலை போய்விட்டது. ராஜாங்கமோ தபால் மூலம் துப்பறியும் கலை கற்றவர். மொத்தம் பன்னிரண்டு பாடங்கள். ஒன்பதாவது பாடம் தபாலில் தொலைந்துபோனது. அதை அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இருவரும் இப்போது நின்றுகொண்டிருந்தது மிராசுதார் சுந்தரமூர்த்தியின் வீட்டுக் கூடத்தில். மணி ஒன்பது. சுவரில் இரண்டு ஆணிகள். ஆணிகளுக்கு நடுவே, வாள் வடிவத்தில் சுண்ணாம்பு மட்டும் வெளுப்பாக இருந்தது. நேற்று சாயங்காலம் வரை அங்கே தொங்கியது தேசிங்கு ராஜாவின் வாள். அந்த ராஜாவின் படைத்தளபதிக்குத் தாம் பதினோராவது தலைமுறை என்று மிராசுதார் சொல்லுவார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் செஞ்சிக் கோட்டையில் நடக்கும் விழாவில் அந்த வாளைக் கலெக்டருக்குப் பரிசாகக் கொடுக்கப்போவதாக ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஏழு மணிக்கு விழாக் கமிட்டிக்காரர்கள் வாளுக்கு மாலை போட வந்தார்கள். மாலையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

வாசலில் இரவுக் காவல் ஜோசப்ராஜ். வேறு யாரும் வீட்டுக்குள் வரவில்லை என்று அவனே சொல்கிறான். ஆகவே எடுத்தது அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று மிராசுதார் ஏழேகால் மணிக்குள் முடிவு கட்டிவிட்டார். சிங்கவரத்தில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை இரண்டு பேர் போய் அழைத்து வந்திருந்தார்கள். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு மூலையில் நின்றான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ரைஸ் மில் சங்கு ஊதியது. கேட்டைச் சாத்தினான். நேராக ரேஷன் கடைக்குப் போய்ச் சர்க்கரை வரிசையில் நின்றான். அதாவது, தன் செங்கல்லை நிறுத்தினான். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

மிராசுதார் சரிகைத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கமிட்டி முழுவதும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். எங்கள் வம்சம் நீதி தவறாதது. வரிசையில் இவன் இருப்பது உண்மையானால், இவன் சொன்ன மற்றதையும் நம்பி விட்டுவிடுகிறேன். பொய்யானால் பன்னிரண்டு மணிக்குக் கலெக்டரோடு வரும் போலீஸ் வண்டியிலேயே ஏற்றிவிடுகிறேன். கமிட்டி தலையை ஆட்டியது. ரேஷன் கடை எழுத்தர் தங்கராசுவிடமிருந்து ‘வரிசையில் ஜோசப்ராஜ் என்று எவரும் காணப்படவில்லை’ என்று ஒரு சீட்டும் எட்டு மணிக்கே அவர் வாங்கி வைத்திருந்தார்.

படி இறங்கும்போது ஜோசப்ராஜ் தனகோட்டியின் பக்கத்தில் வந்தான்.

“வேலை போனாப் போவுது அண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல எம்பொண்ணுக்கு மூணாவது தடவை கல்யாண ஓலை வாசிக்கப்போறாங்க. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டான்னு சாமியார் கேப்பாரு. பொண்ணோட அப்பன் திருடன்னு ஒருத்தன் எழுந்து நின்னா போதும்.”

தனகோட்டிக்கு உடனே ஒரு பதில் நாக்கில் வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டான்.

அந்த அறுபத்தைந்தாம் வருஷத்தில் சர்க்கரை கிடைப்பது குதிரைக்கொம்பு. கார்டுக்கு அரைக் கிலோ. கடை பத்து மணிக்குத் திறக்கும். வரிசை விடிவதற்கு முன்பே நின்றுவிடும். ஆனால் மனிதர்கள் நிற்பதில்லை. அவரவர் பங்குக்கு ஏதாவது ஒரு பொருளை நிறுத்திவிட்டு, எதிரே வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள், அல்லது வீட்டுக்கே போய்விடுவார்கள். கடைக் கதவு திறந்ததும் ஓடிவந்து பொருளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்பார்கள். சொந்த அண்ணன் தம்பியை நம்பாதவர்கள்கூட அந்த வரிசையை நம்பினார்கள்.

இன்று வரிசையில் முப்பத்தெட்டுப் பொருள்கள் இருந்தன. முதலாவதாக ஒரு குழவிக்கல். பிறகு ஒற்றைச் செருப்பு, கண்ணாடி இல்லாத அரிக்கேன் விளக்கு, அடி ஓட்டையான பால் சொம்பு. நடுநடுவே செங்கல், செங்கல், செங்கல். ஏழாவது இடத்தில் ஒரு ஆடு கட்டியிருந்தது. ஆட்டை வைத்தவர் கெட்டிக்காரர். தனக்கு முன்னால் இருந்த முருங்கைக்கீரைக் கட்டை அது தின்று முடித்து, ஒரு இடம் முன்னேறியிருந்தது.

நீதி தம் கண் முன்னாலேயே நடக்க வேண்டும் என்று மிராசுதாரும் கூடவே வந்திருந்தார். தலைப்பாகைக்குக் கீழே வியர்வை வழிந்தது. பொருள் எதையும் தொடாமல் விசாரிக்கும்படி இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

“தேவையே இல்லை. மனிதன் பொய் சொல்வான், பொருள் பொய் சொல்லாது. ஆளை விடு, பொருளைக் கேள். இது என் ஐந்தாவது பாடம்” என்றார் ராஜாங்கம்.

“உண்மையும் சொல்லாதுல்ல சார்” என்றான் தனகோட்டி.

ராஜாங்கம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்தார். குழவிக்கல்லின் முன்னால் குனிந்து, “ஜோசப்ராஜ்?” என்று கேட்டார். மூன்று எண்ணும் வரை பொறுத்தார். ‘ஒன்று: குழவிக்கல். கேட்டேன். இல்லை’ என்று எழுதிக்கொண்டு செருப்பிடம் போனார். வேப்பமரத்தடியில் பேச்சு நின்றது. பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பீடியை மறந்தார்கள். ஆடு மட்டும் பதில் சொன்னது. ராஜாங்கம் அரை நிமிஷம் யோசித்துவிட்டு அதற்கும் ‘இல்லை’ போட்டார். முப்பத்தொன்றாவது பொருளின் முன்னால் அவர் குனிந்தபோது தனகோட்டிக்கு இருமல் வந்து, கொஞ்ச நேரம் ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

முப்பத்தெட்டும் முடிந்தது. முப்பத்தெட்டு ‘இல்லை.’

“நான் இங்கதானே நிக்கிறேன் சார்” என்றான் ஜோசப்ராஜ். “என்னை எதுக்குச் செருப்புக்கிட்ட தேடுறீங்க? வரிசையில நான் இல்ல, என் செங்கல்லுதான் இருக்குது.”

இதில் ஏதோ நியாயம் இருப்பதாக ராஜாங்கத்துக்கே பட்டது. அப்படியானால் செங்கல்லை வர்ணிக்கும்படி கேட்டார்.

“செவப்பா இருக்கும் சார். நீட்டமா. நாலு மூலை.”

ராஜாங்கம் அதைக் குறித்துக்கொண்டு, டேப்பை எடுத்து மீண்டும் தலையிலிருந்து தொடங்கினார். சிவப்பாக, நீளமாக, நான்கு மூலையோடு ஒரு செங்கல் ஐந்தாவது இடத்திலேயே கிடைத்தது. இன்னொன்று ஒன்பதாவது இடத்தில் கிடைத்தது. வரிசை முடிவதற்குள் மொத்தம் பதினொன்று. எல்லாம் ஒரே சூளை, ஒரே அச்சு, ஒரே நீளம்.

“ஒரு ஜோசப்ராஜைத் தேடி வந்தோம், பதினொண்ணு ஆம்பிட்டிருக்குது” என்றான் தனகோட்டி. “பொண்ணுக்கு எந்த அப்பன்னு ஓலை வாசிப்பாரு சாமியார்?”

கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்த எழுத்தர் தங்கராசு இதை ஒப்புக்கொள்ளவில்லை. பதினொன்றில் எது வேண்டுமானாலும் இவனுடையது என்றால், மற்றப் பத்துப் பேர் எங்கே போவார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அன்று காலை அங்கே நியாயத்துக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை.

மிராசுதார் முகம் தெளிந்தது. “முறைப்படி விசாரித்துவிட்டீர்கள், நிபுணரே. இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெயில் ஏறுகிறது.”

ராஜாங்கம் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஜோசப்ராஜ் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஒரு நிமிஷம் சார்” என்றான் தனகோட்டி. “பஸ்ஸுல நடுவுல எறங்கி டீ குடிச்சிட்டு ஏறுறவன் எவனும் அவன் சீட்டை ஞாபகம் வச்சிக்கிறதில்ல. எல்லா சீட்டும் ஒரே சீட்டுதான். பக்கத்துல யாரு இருந்தாங்கன்னுதான் பாத்து வச்சிருப்பான்.”

அவன் ஜோசப்ராஜின் இரண்டு தோளையும் பிடித்து, வரிசைக்கு முதுகு காட்டி நிறுத்தினான்.

“திரும்பாத. உன் செங்கல்லுக்கு முன்னாடி இன்னா இருந்திச்சி?”

ஜோசப்ராஜ் கண்ணை மூடினான். “நீட்டமா ஒரு சாக்குச் சுருட்டு. கயிறு போட்டுக் கட்டியிருந்திச்சி. நான் வர்றப்பவே இருந்திச்சி.”

“பின்னாடி?”

“ராயம்மாக்கா மொறம். ஓட்ட மொறம். நான் செங்கல்ல நேரா வச்சிக்கினு இருக்கச்சொல்லோ அவங்க வந்தாங்க.”

தனகோட்டி எண்ணிக்கொண்டே நடந்தான். பதினேழாவது, கயிறு கட்டிய நீளமான சாக்குச் சுருட்டு. பதினெட்டாவது, செங்கல். பத்தொன்பதாவது, நடுவில் கை போகிற அளவுக்கு ஓட்டை விழுந்த முறம். மற்றப் பத்துச் செங்கல்லில் ஒன்றுக்கும் அந்த மாதிரி அக்கம்பக்கம் இல்லை.

வேப்பமரத்தடியிலிருந்து ராயம்மாள் எழுந்து வந்தாள். ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை உரிக்கப் போகிறவள். கையில் இன்னும் நாலு மல்லாட்டை இருந்தது.

“ஆறு மணியிலேர்ந்து இங்கதான் குந்தினு இருக்கேன். அவரு வந்ததும் வச்சதும் எனக்குத் தெரியும். என்னை ஒருத்தரும் கேக்கல. செருப்பைக் கேட்டாரு, ஆட்டைக் கேட்டாரு” என்றாள்.

“இதைத்தான் நான் சொல்ல வந்தேன்” என்றார் ராஜாங்கம். பதினெட்டாம் எண்ணுக்கு எதிரே ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘இருக்கிறது’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். ஜோசப்ராஜ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

விசித்திரமாக, மிராசுதார் இதை உடனே ஏற்றுக்கொண்டார். சரி, விட்டுவிட்டேன், எல்லோரும் போகலாம் என்றார். ஆனால் வெற்றி என்பது ராஜாங்கத்துக்கு அடிக்கடி வாய்க்கிற பண்டம் அல்ல. அதை அவ்வளவு சீக்கிரம் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. முன்சாட்சி, பின்சாட்சி இரண்டையும் முறைப்படி பரிசோதித்தால்தான் வழக்கு பூர்த்தியாகும் என்று சொல்லிக்கொண்டே, பதினேழாவது சாக்கின் கயிற்றை இழுத்தார்.

“அதைத் தொடாதீர்கள்” என்றார் மிராசுதார்.

சாக்கு விரிந்தது. உள்ளே தேசிங்கு ராஜாவின் வாள் இருந்தது. பின்னால் இருந்த செங்கல் சாய்ந்து அழுத்தியதில், முனை தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் மிராசுதார்தான்.

“பார்த்தீர்களா” என்றார். “திருடிய பொருளுக்குப் பின்னாலேயே தன் செங்கல்லை வைத்துக் காவல் காத்திருக்கிறான். காவல்காரப் புத்தி.”

ராஜாங்கம் மெல்லத் தலையை ஆட்டினார். ஆமாம், பதினெட்டாவது செங்கல் இவனுடையதுதான் என்று இப்போதுதானே சந்தேகமில்லாமல் நிரூபித்தோம். அதற்கு முன்னால் வாள். முன்னால் இருப்பதை இவனே வாயால் சொல்லியிருக்கிறான். அவர் புதுப் பக்கத்தைத் திருப்பினார். தங்கராசு சீட்டை மாற்றி எழுதக் காகிதம் தேடினார்.

தனகோட்டி கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த மனுஷன் பொய் சொன்னவனாக மட்டும் போயிருப்பான். இப்போது திருடனாகவே போகிறான், அதுவும் சாட்சியோடு. ஜோசப்ராஜ் அவனைக் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. அவன் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மணி பத்து அடித்தது. தங்கராசு காகிதத்தை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். இன்றைக்கு முப்பது கார்டுக்குத்தான் சர்க்கரை வந்திருக்கிறது என்று அறிவித்தார். மரத்தடி காலியானது. ஆளுக்கு ஆள் ஓடிவந்து குழவியையும் செருப்பையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டுக்காரர் ஆட்டோடேயே நின்றார்.

வாளை எடுத்தாகிவிட்டது, திருடனும் கிடைத்தாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் கலெக்டர் வருகிறார். மிராசுதார் கிளம்ப வேண்டியதுதானே? தனகோட்டி அவருடைய காலைப் பார்த்தான். கால் நகரவில்லை. கண்ணைப் பார்த்தான். கண் வாளிலும் இல்லை, திருடனிலும் இல்லை. பதினாறாவது ஆளுக்கும் பதினெட்டாவது செங்கல்லுக்கும் நடுவே, சாக்கு கிடந்த காலித் தரையிலேயே இருந்தது. டிக்கெட் வாங்கிய ஸ்டாப் தாண்டியும் இறங்காமல் ஜன்னல் ஓரத்தையே பார்க்கிற ஆளை அவன் பதினான்கு வருஷம் பார்த்திருக்கிறான்.

அவன் ராயம்மாளின் பக்கம் நகர்ந்து, மெதுவாக, ஆனால் மிராசுதார் காதில் விழும்படி சொன்னான்.

“அக்கா, முன்னாடி எடம் காலியா கெடக்குது பாரு. யாரும் வர்ற மாதிரி தெரியல. செங்கல்ல ஒரு எடம் தள்ளிப் போட்டுட்டு நீயும் முன்னாடி வா.”

ராயம்மாள் காலால் செங்கல்லைத் தள்ளினாள். அது பதினேழாவது இடத்துக்குப் போனது.

“ஏய், அது என் இடம்” என்றார் மிராசுதார்.

சொல்லி முடித்த பிறகுதான், தாம் சொன்னது அவர் காதுக்கே எட்டியது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். ஆடும் திரும்பியது.

“எத்தனை மணிக்குப் போட்டீங்க ஐயா?” என்று தனகோட்டி ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கலெக்டருக்குக் கேசரி செய்ய வேண்டும். வீட்டில் சர்க்கரை ஒரு ஸ்பூன் இல்லை. வேலைக்காரர்களை அனுப்பினால் மிராசுதார் வீட்டிலும் சர்க்கரை இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துபோகும். ஆகவே ஐந்தரை மணிக்குப் பின்வாசல் வழியாகத் தாமே வந்தார். சொம்பு வைத்தால் திருடிவிடுவார்கள். பிறகு என்னதான் வைப்பது? செங்கல் வைக்கிற வம்சமா அது? ஒரு காலத்தில் சிம்மாசனத்துக்குக் காவல் நின்ற வாள், நாலு மணி நேரம் சர்க்கரைக்குக் காவல் நிற்கட்டுமே என்று நினைத்தார். பத்தரை மணிக்குள் வாங்கிக்கொண்டு வாளைத் திரும்ப மாட்டிவிடலாம் என்பது திட்டம். கமிட்டிக்காரர்கள் ஏழு மணிக்கே மாலையோடு வந்து கெடுத்துவிட்டார்கள். அவர்கள் உடனே போலீஸைக் கூப்பிட வேண்டும் என்றார்கள். வேண்டாம், துப்பறியும் ராஜாங்கத்தைக் கூப்பிடுங்கள் என்று இவர்தான் பிடிவாதம் பிடித்தாராம்.

“என் மீது அவ்வளவு நம்பிக்கை” என்றார் ராஜாங்கம் நெகிழ்ந்துபோய்.

என்ன நம்பிக்கை என்று தனகோட்டி கேட்கவில்லை.

ஜோசப்ராஜின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று மிராசுதார் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒன்று போதும் என்று அவன் சொன்னதைக் கேட்காமல், கோயில் சாமியாருக்கு என்று இன்னொன்றையும் தனகோட்டி எழுதி வாங்கினான். வரிசைக்காரர்கள் மிராசுதாரை வெளியே போகச் சொன்னார்கள். ராயம்மாள் முறத்தை ஓங்கிக்கூடப் பார்த்தாள். ஜோசப்ராஜ்தான் குனிந்து தன் செங்கல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டான்.

“ஐயா நின்னுக்கட்டும். அவரு எனக்கு முன்னாடி வந்தவருதான். நான் வர்றப்ப சாக்கு இருந்திச்சி. இல்லன்னு சொன்னா அது பொய்யாப் போயிடும்” என்றான்.

அப்படியாகத் தேசிங்கு ராஜாவுடைய படைத்தளபதியின் பதினோராவது தலைமுறை, சரிகைத் தலைப்பாகையோடும் வளைந்த வாளோடும் இருபது நிமிஷம் வெயிலில் நின்று அரைக் கிலோ சர்க்கரை வாங்கியது. பொட்டலம் கட்டக் காகிதம் இல்லை. தலைப்பாகையை அவிழ்த்து அதில் வாங்கிக்கொண்டு போனார். அடுத்ததாக ஜோசப்ராஜும், அதற்கடுத்து ராயம்மாளும் வாங்கினார்கள். முப்பதாவது கார்டோடு சர்க்கரை தீர்ந்தது. தங்கராசு மூட்டையை உதறிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ராஜாங்கம் வழக்கு முடிந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதி போட்டார். மத்தியானம் கலெக்டரோடு போட்டோ எடுப்பார்கள், வெறுந்தலையோடு எப்படி நிற்பது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

தனகோட்டி கலைந்துபோன வரிசைக்குப் போய், முப்பத்தொன்றாவது இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, புழுதியைத் தட்டி அவரிடம் நீட்டினான். ஆபீஸில் நாலு நாளாகக் காபிக்குச் சர்க்கரை இல்லை. காலை அவசரத்தில் அவன் கைக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

ராஜாங்கம் நோட்டுப் புத்தகத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது. ‘முப்பத்தொன்று: பழைய தொப்பி. கேட்டேன். இல்லை.’